கொதிக்கும் மோட்டார் வண்டிக்குக் கைவைத்தியம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு சமவெளியைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத் தொடங்குமிடத்தில், பழைய மோட்டார் வண்டியொன்று பொனற் திறந்தபடி தெருவோரத்தில் நிற்பதும், அதன் முகப்பிலிருந்து நீராவி குபுகுபுவென எழுவதும் பலர் கண்ட காட்சியே. வண்டி ‘கொதித்துவிட்டது’ என்பர். சாரதி சற்று நேரம் பொறுத்திருந்து, போத்தலிற் கொணர்ந்த நீரை ஊற்றிக்கொண்டு மேலே செல்வார். மறுநாள் வண்டி கராஜுக்குப் போகும். அங்கே பெரும்பாலும் கூறப்படும் பரிகாரம் ஒன்றுண்டு. “இது வெப்பமான நாடு, இங்கே தேர்மோஸ்ரற் எதற்கு? அதைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி கொதியாது” என்பதே அது.

இப்பரிகாரம் எளிது, செலவற்றது, சில நாட்களுக்குப் பயன் தருவது போலவும் தோன்றும். ஆயினும், கதவு இறுகிக்கொண்டது என்பதற்காகக் கதவையே பெயர்த்தெறியும் செயலை ஒத்தது அது. மோட்டார் இயந்திரத்திற்கு வேண்டியது குளிர்ச்சியன்று, அளவான வெப்பமே. அவ்வளவை மீறாது காப்பது ரேடியேற்றர். அவ்வளவிற் குறையாது காப்பது தேர்மோஸ்ரற். இரண்டும் சேர்ந்தே ஒரு காவலாகும். இவற்றின் தொழிலை நன்கு அறிந்துகொண்டவர், சில எளிய கருவிகளின் துணைகொண்டு, ஓய்வுநாள் ஒன்றில் வீட்டு முற்றத்திலேயே இவையிரண்டையும் மாற்றிக்கொள்ளுதல் கூடும்.

இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடித்திரியும் மொறிஸ் மைனர் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. 1956ஆம் ஆண்டு முதல் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரமும், 1962ஆம் ஆண்டு முதல் 1,098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரமும் இதிற் பொருத்தப்பட்டன. உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியுமாறும் கைக்கு எட்டுமாறும் அமைந்திருப்பதால், புதிதாகப் பழகுவோர்க்கு இதனிலும் நல்ல வண்டி கிடைத்தல் அரிது.

இயந்திரம் சூடேறுவது ஏன்? சிலிண்டரினுள்ளே எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 செல்சியஸ் பாகைக்கும் மேற்படுவது. எரிபொருளிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகின்றது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். எஞ்சியதிற் பெரும்பகுதி சிலிண்டரின் சுவர்களிற் சேர்கின்றது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தின் உச்ச வலு 37 பரிவலு. அஃதாவது ஏறத்தாழ 27 கிலோவாற்று. முழு விசையுடன் மலையேறும்போது ஏறக்குறைய அதே அளவு வெப்பம் குளிர்விக்கும் நீரையும் வந்தடையும். இரண்டு கிலோவாற்று மின்கேத்தில்கள் ஒரு டசினுக்கு மேற்பட்டவற்றை, ஐந்து லீற்றர் அளவான நீருக்குள் ஒருங்கே இயக்கினால் எப்படியோ, அப்படிப்பட்டது அந்த வெப்பம்.

இதனைப் போக்கும் வழியை மனிதன் படிப்படியாகவே கண்டான். 1886ஆம் ஆண்டில் காள் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியில், நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாயிருந்தது. குறைந்த நீரை மீண்டும் மீண்டும் ஊற்றவேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் வண்டிக்கென அமைத்த தேன்கூட்டு ரேடியேற்றரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்றுப்படும் பரப்பு இவ்வாறு பெருகியமையால் ஒன்பது லீற்றர் நீரே அவ்வண்டிக்குப் போதியதாயிற்று. இன்றைய ரேடியேற்றர்களும் இதே தத்துவத்தின் வழிவந்தவையே. சூடேறிய நீர் மேற்குழாய் வழியாக வந்து, மெல்லிய குழாய்களினூடே கீழிறங்குகின்றது. அக்குழாய்களைச் சூழ்ந்த உலோகத் தகடுகளிற் காற்றுப்பட்டு வெப்பம் நீங்குகின்றது. ஆறிய நீரைக் கீழ்க்குழாய் வழியே நீரிறைப்பான் மீண்டும் இயந்திரத்துக்குள் செலுத்துகின்றது.

மேற்குழாய் தொடங்குமிடத்தில், சிலிண்டர்த் தலையின் முன்பக்கத்திலுள்ள சிறு கூட்டினுள் அமர்ந்திருப்பது தேர்மோஸ்ரற். உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியிலே ஒரு வாயிலும், ஒரு சுருள்வில்லும், மெழுகு அடைத்த ஒரு செப்புக் குப்பியும் உண்டு. நீர் குளிர்ந்திருக்கும்போது வாயில் மூடியிருக்கும்; நீர் ரேடியேற்றருக்குச் செல்லாமல், பக்கத்திலுள்ள சிறு குழாய் வழியே இயந்திரத்தினுள்ளேயே சுற்றிவரும். நீர் குறித்த வெப்பநிலையை எய்தியதும் மெழுகு உருகி விரிந்து, வில்லின் விசையை வென்று வாயிலைத் திறக்கின்றது. நீர் ஆறினால் வில் அதனை மீண்டும் மூடுகின்றது.

மொறிஸ் மைனர் இயந்திரத்திற்கென மூவகைத் தேர்மோஸ்ரற்றுகள் வகுக்கப்பட்டன. பொதுவானது 82 பாகையில் திறப்பது. கடுங்குளிர்க் காலத்துக்குரியது 88 பாகையில் திறப்பது. வெப்ப நாடுகளுக்குரியது 74 பாகையில் திறப்பது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. வண்டியைச் செய்தவர்கள் வெப்ப நாட்டிற்கென்று வேறொரு தேர்மோஸ்ரற்றை வகுத்தனரேயன்றி, வெப்ப நாட்டிற்கு அது வேண்டாவென்று கூறவில்லை.

தேர்மோஸ்ரற் இல்லாத இயந்திரம் உரிய வெப்பத்தை அடைவதற்கு நெடுநேரம் பிடிக்கும். சந்தைக்கும் பாடசாலைக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டியாயின், ஒருநாளும் அவ்வெப்பத்தை அடையாமலே போகலாம். குளிர்ந்த சிலிண்டரில் பெற்றோல் முற்றாக ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எண்ணெயோடு கலக்கும். எரிதலிற் பிறக்கும் நீராவியும் குளிர்ந்து நீராகி அங்கே சேரும். எண்ணெய் நீர்த்துப்போக, சிலிண்டரும் பிஸ்ரன் வளையங்களும் தேயும். பெற்றோற் செலவும் ஏறும். கொதியாத வண்டி என்று உரிமையாளர் மகிழ்ந்திருக்கையிலே, இயந்திரத்தின் ஆயுள் ஓசையின்றிக் குறைந்துகொண்டிருக்கும்.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துச் சாரதிகள் அநுபவத்தாற் கண்டறிந்திருந்தனர். 1990ஆம் ஆண்டை அடுத்து வந்த போர்க்காலத்தில், குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிருந்தபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது. குளிர்ந்த இயந்திரம் அதனை ஏற்காது. வெப்பம் இயந்திரத்திற்குப் பகையென்று எண்ணுவோர்க்கு அக்காலத்து வண்டிகளே தக்க விடையாகும்.

எனவே, வண்டி கொதித்தால் முதலிற் செய்யவேண்டியது கழற்றுவதன்று. நோய் யாதெனத் தேர்வதே. புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே இயந்திரம் கொதிக்க, மேற்குழாயும் ரேடியேற்றரும் குளிர்ந்தே இருக்குமாயின், தேர்மோஸ்ரற் மூடியபடி இறுகிவிட்டதெனக் கொள்ளலாம். நெடுநேரம் ஓடியும் வெப்பங்காட்டி எழாதாயின், அது திறந்தபடி நின்றுவிட்டது. அல்லது முன்னரே எவரோ அதனைக் கழற்றிவிட்டார். வண்டி நின்ற நிலையில் மட்டுமே கொதித்து, ஓடும்போது தணியுமாயின், விசிறியையும் அதன் பட்டியையும் பார்த்தல் வேண்டும். சமதரையிற் செவ்வையாக ஓடி, ஏற்றத்திலும் நெடும்பயணத்திலும் கொதிக்குமாயின், ரேடியேற்றர் அடைபட்டிருத்தல் கூடும். இயந்திரத்தை நிறுத்திச் சூடு சற்றுத் தணிந்தபின், விசிறி அசையாதிருப்பதை உறுதிசெய்து, அதன் முகப்பைக் கையால் மெல்லத் தடவிப் பார்த்தால், அடைபட்ட இடங்கள் மட்டும் குளிர்ந்திருப்பது தெரியவரும். நீரில் ஓயாது குமிழிகள் எழுவதும், எண்ணெய் பாற்கலவை போல் வெளிறுவதும் சிலிண்டர்த் தலைக் காஸ்கற் பழுதுற்றமைக்கு அறிகுறிகள். அது வீட்டு வைத்தியத்திற்கு அடங்காது, கைதேர்ந்தவரிடமே விடத்தக்கது.

ரேடியேற்றர் அடைபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதில் ஊற்றும் நீரே. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. அங்குள்ள கிணற்று நீரிற் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறப் பொருக்கை அறியாத இல்லத்தரசி அங்கே இலர். அதே பொருக்கு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கேத்திலாயின் சுரண்டிவிடலாம், ரேடியேற்றரின் உள்ளே கைபுகாது. ஆதலால், தூய மழைநீரையோ, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்தி, அதனோடு துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவத்தை உரிய அளவிற் கலத்தல் நன்று. நீர் உறையாத நாடாயினும், துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையைச் சிறிது உயர்த்துவதற்கும் அத்திரவம் உதவும்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேற்றராயின், அதனைத் திறந்து துப்புரவு செய்து மீண்டும் ஈயம் பற்றவைத்துக் கொடுக்கும் தொழிலாளர் உளர். தகடுகள் தொட்டவுடன் உதிருமாயினும், பல இடங்களில் ஒழுகுமாயினும் மாற்றிவிடுவதே தக்கது. புதியதைப் பழையதோடு ஒப்பிட்டு, குழாய்க் கழுத்துகளின் பருமனும் போல்ற்றுத் துளைகளின் இடமும் பொருந்துகின்றனவா எனப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். தேர்மோஸ்ரற், அதன் காஸ்கற், மேல் கீழ் இறப்பர்க் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள் ஆகியவற்றையும் புதியனவாக வாங்கி வைத்தல் வேண்டும். தேர்மோஸ்ரற்றின் அருகிலுள்ள சிறு இறப்பர்க் குழாயை மறப்பவர் பலர். பிற்காலத்தில் அது வெடித்தால் மாற்றுவதற்குப் பெருந்தொல்லை தரும்.

வாங்கிய தேர்மோஸ்ரற் புதியதேயாயினும் சோதித்தறிதல் நன்று. சட்டியில் நீரிட்டு, தேர்மோஸ்ரற்றை நூலிற் கட்டி, அடியைத் தொடாதவாறு தொங்கவிட்டு, வெப்பமானியையும் நீரினுள் வைத்து அடுப்பேற்ற வேண்டும். அதன்மேற் பொறித்த பாகையை ஒட்டி வாயில் மெல்லத் திறக்கத் தொடங்கும். மேலும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறுமுன் அகலத் திறந்துவிடும். வெளியே எடுத்து ஆறவைத்தால் முற்றாக மூடவேண்டும். திறவாததும் மூடாததும் பயன்படா.

எல்லாவற்றினும் முதன்மையானது உடலின் பாதுகாப்பு. ரேடியேற்றரின் மூடி வெறும் மூடியன்று. அமுக்கத்தைக் காக்கும் வால்வும் ஆகும். மொறிஸ் மைனரில் அது சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், அவ்வமுக்கத்தின்கீழ் ஏறத்தாழ 111 பாகையிலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதித்துவிடும். ஆங்கும் இம்மூடி கொதிநிலையை 100 பாகைக்கு மேலே நிறுத்திவைக்கின்றது. சூடான வண்டியின் மூடியைத் திறந்தால் அமுக்கம் ஒரே கணத்தில் நீங்க, உள்ளே நீராயிருந்தது ஆவியாய்ப் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். கொதித்த வண்டியருகே நின்று வெந்துபோனவர் பலர். ரேடியேற்றரை வெறுங்கை தாங்குமளவு ஆறிய பின்னரே, தடித்த துணியால் மூடியைப் போர்த்து, முதற்படிவரை மட்டும் திருப்பி, எஞ்சிய ஆவியை வெளியேற்றிய பிறகு கழற்றுதல் வேண்டும்.

இனி, வேலையின் ஒழுங்கு வருமாறு. முதல்நாள் மாலையில், தேர்மோஸ்ரற் கூட்டைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகளிலும் துருவிளக்கும் எண்ணெய் இட்டு விடவேண்டும். மறுநாட் காலையில், ஆறிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, பற்றரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். ரேடியேற்றரின் அடியிலும் இயந்திரத்தின் பின்பகுதியிலும் உள்ள வடிகால் திருகுகளைத் திறந்து, நீரைப் பேசினில் ஏந்தவேண்டும்.

பின்னர் இறப்பர்க் குழாய்களின் கிளிப்புகளைத் தளர்த்தவேண்டும். குழாய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுத்து மல்லுக்கட்டுதல் கூடாது, கழுத்து வளைந்துவிடும். பழைய குழாய் எப்படியும் எறியப்படுவதே. ஆதலின், அதனை நீளவாக்கிற் கத்தியாற் கீறி உரித்துவிடலாம். இரு பக்கத்துப் போல்ற்றுகளையும் நீக்கி, விசிறிக்கும் ரேடியேற்றருக்குமிடையே தடித்த மட்டையொன்றைச் செருகி, ரேடியேற்றரை நேராக மேலே தூக்கவேண்டும். மட்டையின்றித் தூக்கினால் விசிறியின் இதழ்கள் தகடுகளைக் கிழித்துவிடும். புதியதை இறக்கும்போதும் இதே காவல் வேண்டும்.

ரேடியேற்றர் நீங்கிய நிலையில், தேர்மோஸ்ரற் கூட்டைக் கழற்றுதல் எளிது. ஆனால் பொறுமை வேண்டிய இடமும் இதுவே. கூடு அலுமினியம், அதனூடே செல்லும் தண்டுகள் உருக்கு. ஆண்டுக்கணக்கில் நீர்பட்டு இரண்டும் ஒன்றோடொன்று இறுகியிருத்தல் கூடும். நட்டுகளைச் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்தி, கூட்டின் பக்கங்களில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி அசைத்தல் வேண்டும். திருப்புளியைச் செருகி நெம்பினால் கூடு வெடிக்கலாம். அல்லது தண்டு முறியலாம். முறிந்த தண்டு அரைநாள் வேலையை ஒரு வார வேலையாக்கிவிடும்.

பழைய தேர்மோஸ்ரற்றை எடுத்தபின், துவாரத்தைத் துணியால் அடைத்துக்கொண்டு, காஸ்கற்றின் எச்சங்களைச் சுரண்டித் தளத்தைத் துப்புரவாக்க வேண்டும். துணியை நீக்கி, தோட்டத்து நீர்க்குழாயைப் பிடித்து, கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் வரும்வரை இயந்திரத்தின் உட்புறத்தைக் கழுவவேண்டும். இந்நேரத்திற் சிறு குழாயையும் மாற்றிக்கொள்ளலாம். புதிய தேர்மோஸ்ரற்றின் மெழுகுக் குப்பி இயந்திரத்தை நோக்கியிருத்தல் வேண்டும். தலைகீழாக இட்டால் வெந்நீர் குப்பியைச் சூழாது. வாயில் உரிய காலத்தில் திறவாது. புதிய கருவியே வண்டியைக் கொதிக்கச் செய்யும். புதிய காஸ்கற்றை வைத்துக் கூட்டை அமர்த்தி, மூன்று நட்டுகளையும் ஒரே சீராகச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

ரேடியேற்றரையும் குழாய்களையும் பூட்டி, வடிகால் திருகுகளை மூடியபின் திரவத்தை மெல்ல ஊற்றவேண்டும். விரைந்து ஊற்றினால் உள்ளே காற்று அகப்பட்டுக்கொள்ளும். பற்றரியை இணைத்து, மூடியில்லாமலே இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, நீர்மட்டத்தைக் கவனித்தல் வேண்டும். சில நிமிடங்களில், அதுவரை குளிர்ந்திருந்த மேற்குழாய் விரைவிற் சூடேறும். நீர்மட்டமும் சற்றே தாழும். தேர்மோஸ்ரற் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. குறைந்ததை நிரப்பி, கழுத்தின்கீழ் ஓரங்குலம் இடம்விட்டு மூடியைப் பூட்டவேண்டும். சிறிது தூரம் ஓட்டி, ஒழுக்கு உண்டா எனப் பார்த்து, மறுநாட் காலை குளிர்ந்த நிலையில் நீர்மட்டத்தை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

அண்மைக்காலத்து வண்டிகளில் வேறு சிலவும் கவனிக்கத்தக்கன. அவற்றின் மின்விசிறி, இயந்திரம் நின்றபின்னும் தானாகச் சுழலத் தொடங்கலாம். தானியங்கிப் பல்லிணைப்பெட்டி உள்ள வண்டிகளிற் பலவற்றில், ரேடியேற்றரினூடே எண்ணெய்க் குழாய்களும் செல்லும். காற்றை வெளியேற்றத் தனித் திருகு உடையனவும் உள. அவ்வவ் வண்டியின் கைந்நூலைப் படியாமல் கைவைத்தல் தகாது.

பேசினில் ஏந்திய பழைய திரவத்தை என் செய்வது? குளிர்விப்புத் திரவங்கள் பலவற்றிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது. கொடிய நஞ்சும் ஆகும். சிறிதளவு அருந்தினாலும் நாயும் பூனையும் மாளும்; குழந்தைகளின் உயிருக்கும் ஆபத்தாகும். அதனைத் திறந்து வைத்தலும், குடிபானப் போத்தல்களில் அடைத்தலும் கூடாது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளினூடே நிலத்தில் விழுவது விரைவிற் கிணற்றைச் சேருமாதலால், கிணற்றடியிலும் வளவிலும் ஊற்றுதலும் தகாது. இறுக மூடிய கலனில் அடைத்து, பெயரெழுதி, கழிவுத் திரவங்களை முறைப்படி ஏற்கும் இடத்தில் ஒப்படைத்தலே நெறியாகும்.

இவ்வளவையும் ஒருமுறை தம் கையாற் செய்து முடித்தவர்க்கு, செலவு மிச்சமாவதோடு வேறொரு பயனும் உண்டு. வண்டி அடுத்த முறை சூடேறும்போது, எவரோ ஒருவர் சொல்லும் பரிகாரத்தை அவர் அப்படியே நம்பமாட்டார். மேற்குழாயைத் தொட்டுப்பார்ப்பார், விசிறிப் பட்டியைப் பார்ப்பார், நீரின் நிறத்தைப் பார்ப்பார், பிறகே கருவியைக் கையில் எடுப்பார்.